50-ஆவது பிறந்தநாளில் பாக்கி இருந்த இரண்டு அத்தியாயங்கள்: டார்வின் – ஒரு நிகழ்வு ஆய்வு

நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணில் ஒரு பிறந்தநாள் வந்தால் பலரும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். வாழ்க்கையும் வேலையும் இந்த வயதுக்குள் கற்றுக்கொடுத்தவை என்று. உடம்பைக் கவனி, முடியாததற்கு முடியாது என்று சொல்லப் பழகு, கூட இருப்பவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடு. எல்லாம் சரிதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் விடையை மட்டும் எழுதி, வழிமுறையை விட்டுவிட்ட கணக்கு மாதிரி இருக்கும். அந்த மனிதர் எந்த இக்கட்டில், எதை விட்டுக்கொடுத்து, யார் சொல்லி அந்த முடிவுக்கு வந்தார் என்பது அதில் இருக்காது.

வழிமுறையோடு சேர்த்துக் கிடைக்கும் ஒரு வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சார்லஸ் டார்வின். அவருடைய பரிணாமக் கோட்பாட்டைப் பற்றிப் பேசப்போவதில்லை, அவர் வேலை செய்த விதம்தான் இங்கே விஷயம். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் எழுதியவர். எந்த மாதம் எந்த வேலை, நோயில் எவ்வளவு காலம் போனது என்று ஒரு சிறு நாட்குறிப்பில் குறித்து வைத்தவர். 67 வயதில் பிள்ளைகளுக்காகத் தன்வரலாறும் எழுதினார். எனவே எப்போது என்ன நினைத்தார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவரே எழுதியிருக்கிறார்.

கேள்வி இதுதான். சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே அதிகம் பிழைத்துப் பெருகி, இனங்கள் மெல்ல மாறுகின்றன என்ற இயற்கைத் தேர்வு யோசனை 1838-இல், அவருக்கு 29 வயதாக இருக்கும்போதே கிடைத்துவிட்டது. அதைச் சொல்லும் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற புத்தகம் வெளிவந்தது 1859 நவம்பரில், 50 வயதில். நடுவில் 21 வருடம். அந்த வருடங்களில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு தள்ளிப்போடல்? கடைசியில் வேலையை முடிக்க வைத்தது எது?

அந்த சனிக்கிழமை

1859 பிப்ரவரி 12, சனிக்கிழமை. டார்வினுக்கு 50 வயது நிறைந்த நாள். வீட்டில் இல்லை. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மூர் பார்க் என்ற நீர்ச் சிகிச்சை விடுதியில் இருந்தார். அங்கிருந்து தன் உறவினரும் கல்லூரித் தோழருமான வில்லியம் டார்வின் ஃபாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சமீபகாலமாக வாந்தியும் தலைசுற்றலும் ரொம்பப் படுத்துகின்றன, இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது, கொஞ்சம் தேவலை என்கிறார். உடம்பு இப்படி ஆனதற்குப் பெரும்பாலும் தான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம்தான் காரணம் என்கிறார். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி, அப்புறம் எல்லாவற்றையும் ஒருமுறை திருத்த வேண்டும், அதோடு ஓரளவு விடுதலை என்கிறார்.

அவ்வளவுதான் 50-ஆவது பிறந்தநாள். முடியாத வேலை, ஒத்துழைக்காத உடம்பு, 'இது மட்டும் முடிந்துவிட்டால் போதும்' என்ற நினைப்பு.

இங்கே ஒரு தற்செயல். 1809 பிப்ரவரி 12 அன்றே, அட்லாண்டிக்கின் மறுபுறம், ஆப்ரகாம் லிங்கனும் பிறந்தார். அவருக்கு 50 நிறைந்தபோது செனட் தேர்தலில் இரண்டாவது தடவை தோற்று ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகியிருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபராகத் தேர்வானார். ஆக, இன்று நாம் இந்த இருவரையும் எதற்காக நினைவில் வைத்திருக்கிறோமோ, அது அந்த நாளில் இருவரிடமும் இல்லை. இதைப் படித்துவிட்டு 'ஆகவே நம்பிக்கை இழக்காதே' என்று போகிறவர்கள் போகலாம். எனக்கு இதில் தெரிவது வேறு. முழு எண் வயதில் ஒரு வாழ்க்கையை எடை போடுவது, ஓடும் ஆற்றில் ஒரு இடத்தில் கோல் நட்டு அளப்பது மாதிரி. அந்த அளவு அந்த இடத்துக்கு மட்டும்தான்.

அன்றைக்கு டார்வின் ஒன்றுமில்லாத ஆளும் இல்லை. இளவயதில் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த பயணத்தைப் பற்றிய நூலால் நல்ல பெயர். 1853-இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ராயல் மெடல் வாங்கியவர். 1859-இல் நிலவியல் சங்கத்தின் உயரிய விருதான வொல்லாஸ்டன் பதக்கமும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிகரமான நடுவயது விஞ்ஞானி. மேசை இழுப்பறையில் என்ன தூங்குகிறது என்பது சில நண்பர்களுக்கு மட்டும் தெரியும்.

முன்கதை, சுருக்கமாக

முதலில் மருத்துவம். 1825-இல் எடின்பரோவில் சேர்ந்தார். மயக்க மருந்து வராத காலம். இரண்டு அறுவைச் சிகிச்சைகளைப் பார்க்கப் போனார், அதில் ஒன்று ஒரு குழந்தைக்கு நடந்தது. முடியும் வரை நிற்க முடியாமல் வெளியே ஓடிவந்துவிட்டார். அந்தப் படிப்பு அதோடு போயிற்று. அப்புறம் கேம்பிரிட்ஜ், பாதிரியார் ஆவதற்காக. வேட்டை, நாய், எலி பிடிப்பது தவிர உனக்கு எதிலும் அக்கறை இல்லை, குடும்பத்துக்கே அவமானமாகப் போகிறாய் என்று அப்பா ஒருமுறை திட்டியதை, வயதான பிறகும் மறக்காமல் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1831-இல் பீகிள் கப்பலில் போகும் வாய்ப்பு வந்தபோது அப்பா வேண்டாம் என்றார். ஆனால் ஒரு சந்து விட்டு வைத்தார்: விவரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் 'போகலாம்' என்று சொன்னாலும் நான் சம்மதிக்கிறேன். 22 வயது டார்வின் செய்தது கவனிக்கத்தக்கது. சண்டை போடவில்லை. அப்பாவின் மறுப்புகளை எண் போட்டு எழுதினார். எட்டு வந்தன. பாதிரியாராகப் போகிறவனுக்கு இது மதிப்பாக இருக்காது, இது ஒரு கிறுக்குத் திட்டம், உனக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்கள், அவர்கள் மறுத்ததற்குக் காரணம் இல்லாமலா இருக்கும், திரும்பி வந்து ஒரு இடத்தில் நிலைக்க மாட்டாய், மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய், இந்த மாதிரி. தாளை மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் கொடுத்தார். மாமா ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். அப்பா சம்மதித்தார்.

பொதுவாக 'எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது' என்ற மறுப்போடு யாராலும் வாதாட முடியாது. அதையே எட்டு வரியாக எழுதிவிட்டால் பாதி தானாக உதிர்ந்துவிடும். இது அவர் 50 வயதில் கற்ற பாடம் அல்ல, 22-இலேயே கையில் இருந்தது. நியாயம் பேச நம்பகமான ஒரு மூன்றாம் ஆளைப் பிடிப்பதும் அப்படித்தான். 27 வருடம் கழித்து இதே உத்தி அவரைக் காப்பாற்றப் போகிறது.

21 வருடம் எங்கே போனது

கப்பல் 1836 அக்டோபரில் திரும்பியது. 1837 ஜூலையில், உயிரினங்கள் மாறுகின்றனவா என்ற கேள்விக்காகத் தனியாக ஒரு குறிப்பேடு தொடங்கினார். 1838 செப்டம்பரில் மக்கள்தொகை பற்றிப் பொருளியலாளர் மால்தஸ் எழுதியதைப் படித்தபோது யோசனை பிடிபட்டது. 1842-இல் பென்சிலில் 35 பக்க வரைவு. 1844-இல் அதை 230 பக்க அளவுக்கு விரித்தார்.

அதன்பின் ஒரு காரியம் செய்தார். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படும் ஆவணம் அதுதான். 1844 ஜூலை 5 தேதியிட்டு மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம். நான் திடீரென்று இறந்துவிட்டால், இதை வெளியிட 400 பவுண்டு ஒதுக்கு, தகுதியான ஒருவரைப் பிடித்துச் செம்மைப்படுத்தச் சொல் என்று கேட்டு, யார் யாரைக் கேட்கலாம் என்று பெயர்களும் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 35. இறந்தால் புத்தகம் வர ஏற்பாடு இருந்தது, உயிரோடு இருந்தால் எப்போது வரும் என்பதற்கு ஏற்பாடு இல்லை! பத்து வருடம் கழித்து, 1854-இல், அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள் என்று ஒரு வரி சேர்த்தார். அதாவது ஏற்பாட்டைப் புதுப்பித்திருக்கிறார்.

ஏன் வெளியிடவில்லை? பயம் என்பது வழக்கமான பதில். ஹூக்கருக்கு 1844 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்கிறார். அதே ஆண்டு அக்டோபரில், உயிர்கள் படிப்படியாக வளர்ந்து வந்தன என்று சொல்லும் ஒரு நூல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. பரபரப்பாக விற்றது, விஞ்ஞானிகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்னொரு பக்கம், ஜான் வான் வைஹி என்ற வரலாற்றாய்வாளர் 2007-இல் இந்தப் பயக் கதையையே மறுத்தார். டார்வின் ரகசியமாக வைத்திருக்கவில்லை, பல பேரிடம் சொல்லியிருக்கிறார், கைவசம் வேறு நூல்கள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

என் கணிப்பில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, வருடத்தைப் பிரித்துப் பார்த்தால். 1846 வரை உண்மையிலேயே வரிசை இருந்தது. பீகிள் பயணத்தின் நிலவியல் நூல்கள் மூன்று, கடைசியானது 1846-இல் முடிந்தது. பயணத்துக்குப் பத்து வருடம் கழித்து. அதுவரை தள்ளிப்போட்டார் என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து வந்த எட்டு வருடம்தான் விவாதத்துக்கு உரியது. பார்னக்கிள் என்று ஒரு சிறு கடல் உயிரி, பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். சிலியின் கடற்கரையில் எடுத்துவந்த ஒரு வினோதமான வகையை விவரித்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று 1846 அக்டோபரில் உட்கார்ந்தார். சரியாக விவரிக்க வேண்டுமானால் மற்ற வகைகளோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட வேண்டுமானால் அவற்றையும் அறுத்துப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதிலுமிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. 1854 செப்டம்பரில்தான் முடிந்தது. நான்கு நூல்கள். அதில் இரண்டு வருடம் நோயில் போனது என்று கணக்கும் வைத்திருந்தார். வீட்டில் பிள்ளைகளுக்கு அப்பா என்றாலே பார்னக்கிள்தான். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை, 'அப்படியானால் அவர் தன்னுடைய பார்னக்கிள்களை எங்கே வைத்துச் செய்கிறார்?' என்று கேட்டதாக மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அவருக்கே சலித்துவிட்டது. மெதுவாகப் போகும் கப்பலின் மாலுமிகூட பார்னக்கிளை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டான் என்று 1852-இல் ஃபாக்ஸுக்கு எழுதினார்.

ஏன் இதில் இறங்கினார்? உயிரினங்களின் தன்மையைப் பற்றி எழுதிய ஒரு பிரெஞ்சுக்காரரை 1845-இல் ஹூக்கர் குறைகூறினார். நிறைய இனங்களை நுணுக்கமாக விவரித்துப் பழகாதவருக்கு இந்தக் கேள்வியைத் தொட உரிமையில்லை என்ற பொருளில். டார்வினைச் சொல்லவில்லை. ஆனால் டார்வினுக்குச் சுருக்கென்று தைத்தது. உன் பேச்சு எனக்கு வலிக்கும் அளவுக்கு உண்மை என்று பதில் எழுதினார்.

எட்டு வருடத்தின் பலன் என்ன? ராயல் மெடல். விலங்கியலாளர் என்ற அங்கீகாரம். ஒரே இனத்துக்குள் உறுப்புக்கு உறுப்பு எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை நேரில் கண்ட அனுபவம், அதுதான் பின்னால் வாதத்தின் முதுகெலும்பு. இருந்தும், அந்த வேலைக்கு அவ்வளவு காலம் தகுமா என்று சந்தேகமாக இருக்கிறது என்று தன்வரலாற்றில் அவரே எழுதினார். எனக்கும் அதே சந்தேகம். தகுதி தேடியது சரி. எந்த இடத்தில் 'இது போதும்' என்பதை முன்கூட்டி வகுக்காததுதான் கோளாறு. நல்ல வேலை, மதிப்பான வேலை, பரிசும் வாங்கித் தரும் வேலை. இப்படிப்பட்ட வேலையில் காலம் போனால் யாரும் நம்மைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். ஆகவேதான் இது சோம்பலைவிட ஆபத்தானது.

அந்த வருடங்களில் வாழ்க்கையும் சும்மா இருக்கவில்லை. 1848-இல் அப்பா இறந்தார். 1851 ஏப்ரலில் மகள் ஆனி இறந்தாள், பத்து வயது. இதையெல்லாம் வேலைக் கணக்கில் 'இழந்த நாட்கள்' என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 50 வயதில் திரும்பிப் பார்க்கும் எவருடைய கணக்கிலும் இப்படிச் சில வருடங்கள் இருக்கும்.

மூன்றாவது கட்டம் 1854 முதல் 1858 வரை. குறிப்புகளை அடுக்கினார். புறா வளர்த்தார். விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டு முளைக்கிறதா என்று பார்த்தார். 1856-இல் நிலவியலாளர் சார்லஸ் லயல் வீட்டுக்கு வந்தபோது, உடனே எதையாவது வெளியிடு, இல்லாவிட்டால் யாராவது முந்திக்கொள்வார்கள் என்று எச்சரித்தார். ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இளைஞர் 1855-இல் எழுதிய ஒரு கட்டுரை லயலை உலுக்கியிருந்தது. டார்வினும் மே மாதம் எழுத உட்கார்ந்தார். சிறு கட்டுரையாகத் தொடங்கி, பெரும் நூலாக வீங்கியது. இரண்டு வருடத்தில் பத்து அத்தியாயங்களுக்கு மேல். எல்லாவற்றுக்கும் சான்று, எல்லாச் சான்றுக்கும் மூலம். இதே வேகத்தில் போயிருந்தால் 50-ஆவது பிறந்தநாளில் இரண்டு அத்தியாயம் மட்டும் பாக்கி என்று அவரால் எழுதியிருக்க முடியாது.

1858 ஜூன்

மலாய்த் தீவுக்கூட்டத்தில் மாதிரிகள் சேகரித்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த வாலஸுக்கு அப்போது வயது 35. பிப்ரவரியில் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு யோசனை வந்து, அதைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கே அனுப்பினார். சரியென்று பட்டால் லயலிடம் காட்டுங்கள் என்று. ஜூனில் டார்வின் பிரித்துப் படித்தார். தன்னுடைய கோட்பாடு, அப்படியே.

அன்றைக்கே லயலுக்கு எழுதினார். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது, என்னுடைய புதுமை எல்லாம் நொறுங்கிவிட்டது என்ற தொனியில். அடுத்த கடிதத்தில், நான் அற்பமாக நடந்துகொண்டேன் என்று வாலஸோ வேறு யாரோ நினைப்பதைவிட என் புத்தகத்தை எரித்துவிடுவேன் என்றார். வீட்டில் மகள் ஹென்றியேட்டாவுக்கு உடம்பு சரியில்லை. கைக்குழந்தை சார்லஸ் வாரிங் ஜூன் 28 அன்று செங்காய்ச்சலில் இறந்தது. இந்த நிலையில், முடிவை லயல், ஹூக்கர் கையில் விட்டுவிட்டார். 22 வயதில் மாமாவிடம் தாளைக் கொடுத்த மாதிரியே.

அவர்கள் வாலஸின் கட்டுரையோடு, டார்வினின் 1844 வரைவின் பகுதிகளையும், அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு 1857 செப்டம்பரில் டார்வின் எழுதிய கடிதத்தின் சுருக்கத்தையும் சேர்த்து, ஜூலை 1 அன்று இயற்கை ஆய்வாளர்களின் சங்கமான லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்க வைத்தார்கள். டார்வின் வரவில்லை. வாலஸுக்கு விஷயமே தெரியாது, பின்னால் கடிதத்தில்தான் தெரிந்தது. அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் செய்தது செய்ததுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை.

நடைமுறைப் பாடம் ஒன்று இங்கே துல்லியமாகத் தெரிகிறது. முதலில் கண்டறிந்தவர் என்ற டார்வினின் உரிமையைக் காப்பாற்றியது அவர் மூளையில் இருந்தது அல்ல, தேதியோடு அடுத்தவர் கையில் இருந்தது. ஹூக்கர் 1844 வரைவை 1847-லேயே படித்திருந்தார். ஏசா கிரேயிடம் கடிதம் இருந்தது. முடிக்காத வேலையை நம்பகமான இரண்டு பேரிடம் காட்டி வைத்ததால் தப்பித்தார்.

கூட்டத்துக்கு ஏறக்குறைய முப்பது பேர் வந்திருந்தார்கள். சலசலப்பே இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் சங்கத் தலைவர் தாமஸ் பெல் ஆண்டறிக்கை உரையில், துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் கடந்த ஆண்டில் நிகழவில்லை என்று சொன்னார். பாவம், இன்றைக்கு அவரை நினைப்பதே அந்த வரிக்காகத்தான்.

13 மாதமும் பத்து நாளும்

1858 ஜூலை 20, குடும்பத்தோடு வைட் தீவில் இருந்தபோது, டார்வின் மறுபடி எழுத உட்கார்ந்தார். இம்முறை பெரும் நூல் இல்லை. சங்கத்தின் இதழில் போட ஒரு சுருக்கம், முப்பது பக்கம் போதும் என்று எண்ணம். பக்கம் வழக்கம்போல் வளர்ந்தது. ஆனால் கடைசி வரை அவர் அதைச் 'சுருக்கம்' என்றே நினைத்தார், அப்படியே எழுதினார். மூலக் குறிப்புகள் கிடையாது. அடிக்குறிப்பு கிடையாது. எடுத்துக்காட்டு பத்து இருந்தால் ஒன்றோ இரண்டோ. முழுச் சான்றும் பின்னால் வரும் பெரிய நூலில் என்று வாசகரிடம் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சொற்கள், 13 மாதம் பத்து நாள் உழைப்பு என்று பின்னால் கணக்குச் சொன்னார்.

இருபது வருடத்தில் நடக்காதது ஒரே வருடத்தில் எப்படி நடந்தது? ஒரே வருடம் என்பதே பாதிப் பொய். சேகரித்தது, அடுக்கியது, எழுதி வைத்த அத்தியாயங்கள் எல்லாம் கையில் இருந்தன. மாறியது இரண்டு. வெளியிலிருந்து ஒரு நெருக்கடி. அதைவிட முக்கியமாக, வேலையின் அளவு. எல்லாம் இருக்க வேண்டிய நூலை அவரால் முடிக்க முடியவில்லை. குறை இருக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நூலை முடிக்க முடிந்தது. அவர் சுபாவம் மாறவில்லை. இதைத்தான் இந்த ஆய்வின் மையமாக நான் பார்க்கிறேன்.

முடிக்கும் கட்டத்தில் நடந்த கூத்துகளையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் படியின் ஒரு பகுதியைப் படித்துக் கருத்துச் சொல்ல ஹூக்கருக்கு அனுப்பினார். அவர் வீட்டில் அது தவறுதலாகப் பிள்ளைகள் படம் வரையும் தாள்கள் இருக்கும் இழுப்பறைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் ஆசைதீர வரைந்து தள்ளினார்கள். கால் பங்கு போய்விட்டது. நல்லவேளை, டார்வினிடம் பழைய படி இருந்தது.

பதிப்பாளர் ஜான் மர்ரே ஒரு மதிப்பீட்டாளரிடம் கருத்துக் கேட்டார். அந்த விட்வெல் எல்வின், இதை விட்டுவிட்டுப் புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லாருக்கும் பிடிக்கும், நாடு முழுக்க வீடு வீடாகப் போகும் என்று யோசனை சொன்னார். விற்பனைக் கண்ணோட்டத்தில் முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. டார்வின் கேட்கவில்லை. எந்த அறிவுரையைக் கேட்பது, எதை விடுவது என்பதற்குப் பொது விதி ஏதும் இதில் எனக்குக் கிடைக்கவில்லை. லயல் 'சீக்கிரம்' என்றார், அவருக்கு விஷயம் தெரியும். எல்வின் 'புறா' என்றார், அவருக்குச் சந்தை தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அச்சுப் படி வந்தபோது தன் நடையைப் பார்த்து டார்வினுக்கே திகைப்பு. அடித்துத் திருத்தியதில் கூடுதல் செலவு 72 பவுண்டு 8 ஷில்லிங் ஆனது. முதல் பதிப்பு 1250 படிகள், 1859 நவம்பர் 24 அன்று வெளிவந்தது. அன்றைக்கும் அவர் வீட்டில் இல்லை. இல்க்லி என்ற ஊரில், இன்னொரு நீர்ச் சிகிச்சை விடுதியில்.

நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது

முதலில் பொருந்தாதது. பணம். டார்வின் வாழ்நாளில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. அப்பாவின் சொத்து, மனைவி வழிச் சொத்து, கவனமான முதலீடு. எட்டு வருடம் பார்னக்கிள் பார்க்க அவரால் முடிந்ததற்கு அடிப்படை அதுதான். வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள், எம்மா குடும்பத்தையும் அவர் நோயையும் சேர்த்துத் தாங்கினார். அதே யோசனையை எட்டிய வாலஸுக்கு இது எதுவும் இல்லை. 1852-இல் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பல் தீப்பிடித்து, வருடக் கணக்கில் சேகரித்தவை கடலோடு போயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர். 'பொறுமையாக இரு, நேரம் வரும்' என்ற பாடத்தை டார்வினை வைத்து யாராவது சொன்னால், அந்தப் பொறுமைக்கு யார் பணம் கட்டியது என்று கேட்க வேண்டும்.

நண்பர்களும் அப்படித்தான். சரியான இடத்தில் லயலும் ஹூக்கரும் இருந்தார்கள். ஆனால் இங்கே ஒரு பகுதி நமக்கும் எட்டும். அந்த நட்புகளை அவர் கடிதம் கடிதமாக வளர்த்தார். கேள்வி கேட்டார், தகவல் வாங்கினார், பதிலுக்கு அவர்கள் வேலையைப் படித்தார். செல்வாக்குள்ள ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதும் அவர்களுக்கு நம் வேலை தெரிந்திருப்பதும் ஒன்றல்ல.

பொருந்துவதில் நான் முதலில் வைப்பது அவருடைய வேலை நேரம். உடம்பு மோசம் என்பதால் நாள் முழுதும் உட்கார முடியாது. காலை எட்டு முதல் ஒன்பதரை வரை. கடிதங்களைப் பார்த்துவிட்டு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டேகால் வரை. அதற்குள் 'இன்றைக்கு நல்ல வேலை நடந்தது' என்று திருப்தியாகச் சொல்வாராம். அப்புறம் தோட்டத்தை ஒட்டிய மணல் பாதையில் நடை. சுமார் மூன்று மணி நேரம். நோயாளி ஒருவர் இந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை நூல்களையும் எழுதினார்.

அடுத்தது அவர் பொன்விதி என்று குறிப்பிட்ட பழக்கம். தன் கருத்துக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே தாளில் எழுதிவிடுவார். சாதகமானவை தானாக நினைவில் நிற்கும், பாதகமானவை நழுவிவிடும் என்பது அவர் அனுபவம். இதன் பலன் புத்தகத்தில் தெரிகிறது. எதிர்ப்புகளுக்கென்றே ஒரு அத்தியாயம் வைத்தார், கண் போன்ற உறுப்பு எப்படி வந்திருக்கும் என்ற கடினமான கேள்வியைத் தானே எழுப்பினார். தொழிலில் இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தன் திட்டத்தின் ஓட்டைகளைத் தன் கையால் எழுதி வைத்திருப்பவரை, எதிராளி புதிதாக ஒன்றும் சொல்லித் திகைக்க வைக்க முடியாது.

பாடம் நிலைத்ததா?

'ஓரளவு விடுதலை' என்று பிறந்தநாள் கடிதத்தில் எழுதினார் அல்லவா? 1860 ஜனவரி 9 அன்று, புத்தகம் வந்து ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், ஓரமாக வைத்த பெரும் நூலின் கையெழுத்துப் படியை மறுபடி எடுத்தார். இனி நெருக்கடி இல்லை. முந்திக்கொள்ள யாரும் இல்லை. உலகம் கவனிக்கிறது, பதிப்பாளர் காத்திருக்கிறார். சுருக்கத்தால் என்ன சாதிக்க முடியும் என்பதையும் கண்ணால் பார்த்தாயிற்று.

அந்தப் பெரும் நூலின் முதல் இரண்டு அத்தியாயங்கள் வளர்ப்பு விலங்குகளையும் பயிர்களையும் பற்றியவை. அவற்றை விரித்து எழுதி முடிக்க எட்டு வருடம் ஆனது. நடுவில் ஆர்கிட் மலர்களைப் பற்றி ஒரு நூல், கொடிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை, பல மாதம் படுக்கை. 1868 ஜனவரியில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. மிச்ச அத்தியாயங்களை அவர் அச்சில் பார்க்கவே இல்லை. 1882-இல் இறந்தார். அவை வெளிவந்தது 1975-இல்.